எக்ஸ்சேஞ்ச் அக்கா

எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஓசூரில் அப்போதெல்லாம் டெலிபோனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். எங்களுக்கு அது கேட்காமலே வந்தது. காரணம், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் பாய்லர். அது நினைத்த நேரத்தில் நின்றுவிடும். நின்றால் அப்பாதான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் சைக்கிளில் ஆள் அனுப்பி அலுத்துப்போன கம்பெனி, தன் செலவிலேயே எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கறுப்பு டெலிபோனைக் கொண்டுவந்து வைத்தது. பாகலூர் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவில் அது ஒன்றுதான் டெலிபோன். அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டாள். மணி அடித்தால் உறையைக் கழற்றி, மடித்து வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அதற்குள் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள்.

நான் பள்ளியிலிருந்து மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மா மருந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் ஒரு கம்பெனியில் இருந்தாள். அவள் வர ஆறு மணியாகும். அப்பா பாய்லர் விட்டால் வருவார். இடையில் இரண்டு மணி நேரம் வீடும் டெலிபோனும் என் பொறுப்பு.

அந்த வருட மழைக்காலத்தில் ஒரு காலை சித்தி வந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. இரண்டு வருடங்களுக்கு முன்பு அவளைப் பெங்களூரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெட்டி இல்லாமல், ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள். இரண்டு நாட்கள் தூங்கினாள். மூன்றாம் நாள் எழுந்து வீட்டைக் கூட்டினாள். அடுத்த மாதம் அப்பா தனக்குத் தெரிந்தவரிடம் சொல்லி, மெல்லிய செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். காலையில் நீல நிறக் கம்பெனி பஸ்ஸில் போவாள். சாயங்காலம் அதே பஸ்ஸில் வருவாள்.

சித்திக்கு இடது காது கேட்காது. கல்யாணத்தின்போது இரண்டு காதும் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அம்மாவிடம் கேட்டேன். சளி என்றாள். ஓசூர்க் குளிருக்கு எல்லோருக்கும்தான் சளி பிடிக்கும். காது போனவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் அம்மா சொன்னாள். "யாராவது சித்தி எங்கேன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லணும். என்ன?"

"இங்கதான இருக்காங்க?"

"இருந்தாலும் தெரியாதுன்னுதான் சொல்லணும்."

எங்கள் வகுப்புச் சுவரில் 'உண்மையே பேசு' என்று எழுதியிருந்தது. அதை நினைவூட்டினேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். புரிந்ததாகத் தலையாட்டிவிட்டுப் புரியாமலே இருப்பது எனக்கு அப்போது பழகிப்போயிருந்தது.

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருந்திருக்கும். நாலு மணிக்கு டெலிபோன் அடித்தது. நான் உறையைக் கழற்றி மடித்து வைத்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல். மெதுவான, கொஞ்சம் கரகரப்பான, சிரிப்பதற்குத் தயாராக இருக்கும் குரல்.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுலருந்து பேசறேன் கண்ணு. வீட்டுல பெரியவங்க இல்லியா?"

"இல்லீங்க."

"பரவால்ல. உங்க லைனை டெஸ்ட் பண்றோம். நீ பேசிக்கிட்டே இரு. எனக்கு எப்படிக் கேக்குதுன்னு பாக்கறேன்."

என்ன பேசுவது என்று கேட்டேன். எதை வேண்டுமானாலும் பேசலாம் என்றார். நான் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தேன். எட்டேழு ஐம்பத்தாறில் அவர் சிரித்துவிட்டார். ரொம்பத் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் புது லைன் என்பதால் தினமும் பார்க்க வேண்டும், நாளைக்கும் நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்றார். வைப்பதற்கு முன் ஒன்று சொன்னார். "வீட்டுல சொல்லிடாத கண்ணு. லைன்ல கோளாறுன்னு உங்கப்பா ஆபீசுக்கு எழுதிப் போட்டாருன்னா அக்காவுக்கு வேலை போயிடும்."

ஒருவருடைய வேலை என் கையில் இருப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாளும் நாலு மணிக்கு அடித்தது. அதற்கடுத்த நாளும். நான் அவரை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். வாய்ப்பாடுகள் தீர்ந்ததும் பள்ளியில் நடந்ததைச் சொன்னேன். பக்கத்து பெஞ்சுப் பெண் தெலுங்கில் திட்டியது, விளையாடும்போது முழங்கால் சிராய்த்தது, டீச்சர் என் கையெழுத்தைக் கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்றது. எல்லாவற்றுக்கும் அவர் 'ம்' கொட்டுவார். மறுநாள் எடுத்ததும், "முழங்கால் ஆறிடுச்சா கண்ணு?" என்பார். எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். மூன்று பேரும் களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறவர்கள். என் மேல் பாசம் இல்லாதவர்கள் இல்லை. ஆனால் நேற்றைய முழங்காலை இன்றைக்கு விசாரித்தவர் எக்ஸ்சேஞ்ச் அக்கா ஒருவர்தான். மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்ததும் நான் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு டெலிபோன் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். உறையையும் முன்கூட்டியே கழற்றி வைத்துவிடுவேன்.

ஒரு நாள், நீ வீட்டு வேலை செய்வாயா என்று கேட்டார். இரவு சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி அடுக்குவது என் வேலை என்று பெருமையாகச் சொன்னேன்.

"எத்தனை தட்டு கண்ணு?"

"நாலு."

"நீ, அப்பா, அம்மா. மூணுதான வருது?"

அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் அக்கா, சித்தி எங்கே என்று கேட்கவில்லையே? தட்டுக்குக் கணக்குத்தானே கேட்டார்? கொஞ்சம் யோசித்து, "விருந்தாளி வந்திருக்காங்க" என்றேன். யார் என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

"அய்யோ பாவம். நீங்கல்லாம் வெளிய போயிட்டா அவங்களுக்குப் பொழுதே போவாதே."

"இல்லக்கா, அவங்களும் கம்பெனிக்குப் போயிடுவாங்க. நீலக் கலர் பஸ்ஸு. அஞ்சரைக்குப் பேக்கரிகிட்ட எறங்குவாங்க. நான் போய்க் கூட்டிட்டு வருவேன்."

"சமத்து" என்றார் அக்கா.

அன்றைக்கு வைத்த பிறகு நடந்ததையெல்லாம் ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்தேன். 'சித்தி' என்ற வார்த்தை ஓரிடத்திலும் வரவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அம்மாவின் சட்டமும் வகுப்புச் சுவரின் சட்டமும் ஒன்றையொன்று இடிக்காமல் நடந்துகொண்டுவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு டெலிபோன் அடிக்கவில்லை. நாலேகால், நாலரை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். உள்ளே ங்ங் என்ற சத்தம் சரியாகத்தான் இருந்தது. யாரோ ஆபீசில் சொல்லிக் கொடுத்து அக்காவுக்கு வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். அழுகை வந்தது. ஐந்தேகாலுக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சித்தியைக் கூட்டி வர வழக்கம்போலப் பேக்கரிக்குப் போனேன்.

பேக்கரிக்கு எதிரே கர்நாடக நம்பர் போட்ட ஒரு வேன் நின்றிருந்தது. அந்தச் சாலையில் பாதி வண்டிகள் கர்நாடக நம்பர்தான். அதை நான் கவனிக்கவே இல்லை. வேனுக்குள்ளிருந்து ஒரு பெண், "ஏம்மா, அந்தக் கம்பெனி பஸ்ஸு வந்துட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டாள். முகம் எனக்குத் தெரியாது. குரலைத் தெரியாமலிருக்குமா? ஓடிப்போய் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, இன்னிக்கு ஏன் லைன் டெஸ்ட் பண்ணல?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அதே சிரிப்பு. கன்னத்தைத் தடவி, "உன்னை நேர்லயே பாக்கலாம்னு வந்துட்டேன் கண்ணு" என்றார். பச்சைச் சேலை கட்டி, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிட வயது கூடுதல். அதனாலென்ன என்று இருந்தது எனக்கு.

முன் ஸீட்டில் இருந்தவர் திரும்பினார். சித்தப்பா. சித்தியின் கணவர். கல்யாண போட்டோவில் பார்த்த அதே மீசை. இவர் எக்ஸ்சேஞ்ச் அக்காவோடு எப்படி வந்தார்? லேத் பட்டறையை விட்டுவிட்டு டெலிபோன் ஆபீசில் சேர்ந்துவிட்டாரா? கேட்கலாம் என்று நினைப்பதற்குள் நீல பஸ் வந்து நின்றது.

முதலில் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். மூன்றாவதாகப் படியில் கால் வைத்த சித்தி, வேனையும் அதிலிருந்து இறங்கிய சித்தப்பாவையும் பார்த்தாள். வைத்த காலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டிரைவர் என்ன புரிந்துகொண்டாரோ, கதவைச் சாத்திவிட்டார். சித்தப்பா பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் அடித்தார். அந்தச் சத்தத்துக்குப் பேக்கரியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா வேனிலிருந்து இறங்கி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது. குரல் மட்டும் டெலிபோனில் கேட்டதைப் போலவே இருந்தது. "உன் சித்தியக் கூப்பிடு கண்ணு. நீ கூப்பிட்டா வருவா."

என் சித்தி என்று இவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே. ஆனால் பெரியவர்கள் சொன்னால் செய்கிற பிள்ளை நான். "சித்தி" என்று கூப்பிட்டேன். சத்தமாக வேறு கூப்பிட்டேன், கேட்கிற காது எந்தப் பக்கம் இருக்கிறதோ என்று.

சித்தியின் முகம் ஜன்னலில் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பார்த்தாள். அதன் பிறகு பஸ் கதவு திறந்தது. அவள் இறங்கி நேராக எங்களை நோக்கி நடந்து வந்தாள். ஓடவில்லை. நடந்துதான் வந்தாள். சித்தப்பா அவள் தோளைப் பிடித்தார்.

அவள் பின்னாலேயே பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தார்கள். இருபது முப்பது பெண்கள் இருப்பார்கள். எல்லோர் கையிலும் டிபன் டப்பா. அந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் ஏன் இறங்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. முன்னால் வந்த ஒரு கன்னடக்கார அம்மாள் எக்ஸ்சேஞ்ச் அக்காவின் முகத்துக்கு நேரே நின்று, "மொதலு மகூ கை பிடு" என்றார். எனக்கு அப்போது கன்னடம் அரைகுறை. பிடு என்றால் விடு என்பது தெரியாது. குழந்தையின் கையைப் பிடி என்று சொல்கிறார்போல என்று நினைத்தேன். பிடித்துக்கொண்டுதானே இருக்கிறார், இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நான் யோசிக்கும்போது என் கை விடுபட்டது.

சித்தப்பா உரக்கப் பேசினார். "என் பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?" பெண்கள் இன்னும் நெருங்கி நின்றார்கள். டிரைவர் பஸ்ஸைக் கொஞ்சம் பின்னால் எடுத்து வேனுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு இறங்கினார். சித்தி மட்டும் பேசினாள். "நான் வரலைங்க" என்றாள். அவர் ஏதோ சொன்னார். "வரலைங்க." மறுபடி ஏதோ சொன்னார். "வரலைங்க." மூன்று தடவையும் ஒரே குரலில், மரியாதையாக.

தோளிலிருந்த கை இறங்கியது. டிரைவர் பஸ்ஸை நகர்த்தினார், வேன் போவதற்கு மட்டும் வழி விட்டு. எக்ஸ்சேஞ்ச் அக்கா ஏறி உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. வேன் கிளம்பும்போது நான் ஜன்னலோரம் ஓடி, "அக்கா, நாளைக்கு நாலு மணிக்கா?" என்று கேட்டேன்.

சித்தி திரும்பி என்னைப் பார்த்தாள்.

அன்று மாலை அப்பாவும் சித்தியும், அந்தக் கன்னடக்கார அம்மாளும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பச்சைச் சேலை சித்தப்பாவின் அக்கா என்பது அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. அவசரம், சொந்தக்காரர்கள் என்று சொல்லி அப்பாவின் கம்பெனியிலிருந்து எங்கள் நம்பரை வாங்கியிருந்தார்களாம். சித்தப்பாவின் அக்காவுக்கு எக்ஸ்சேஞ்சிலும் வேலையா, இல்லையா என்பதை யாராவது சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அம்மா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள். அவள் வாய் திறப்பதற்குள் சித்தி எழுந்து, "நான் கேக்கறேன்க்கா" என்று என் கையைப் பிடித்துப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குக் கூட்டிப் போனாள். கல்லில் உட்கார்ந்து, வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் முதல் நாள் வாய்ப்பாட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, விருந்தாளி, நீல பஸ், பேக்கரி. கடைசியில், "சித்தின்னு ஒரு வார்த்தை நான் சொல்லல" என்றேன்.

சித்தி என் மணிக்கட்டில் சிவந்திருந்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆமா, சொல்லல" என்றாள். "ஆனா பாப்பா, வீட்டுல சொல்லாதேன்னு யாராச்சும் சொன்னாங்கன்னா, அதத்தான் மொதல்ல வந்து வீட்டுல சொல்லணும். அவங்க எவ்ளோ நல்லவங்களா இருந்தாலும்."

"அக்காவுக்கு வேலை போயிடுமே?"

"போனாப் போவுது."

உள்ளே போய் அம்மாவிடம், "கொழந்த ஒண்ணும் சொல்லலக்கா. கம்பெனி கேட்டுலருந்து பஸ்ஸுப் பின்னாடியே வந்திருக்காங்க" என்றாள். வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தீர்ப்பு சாதகமாக வந்துவிட்டதில் திருப்தி. அம்மா என்னையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா டெலிபோனின் உறையை எடுத்து அதன் மேல் போட்டார்.

சென்ற வருடம் என் மகளின் பள்ளியில் பெற்றோர்களைக் கூப்பிட்டு, பிள்ளைகள் இணையத்தில் பழகும்போது கவனிக்க வேண்டியவை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லாதே. எப்போது தனியாக இருப்பாய் என்று சொல்லாதே. தான் இன்னார் என்று ஒருவர் சொன்னாலே அவர் இன்னார் ஆகிவிட மாட்டார். வீட்டில் சொல்லாதே என்பவரைப் பற்றி வீட்டில் சொல். எழுதியவர் எங்கள் முன்னறையில் அந்தக் கறுப்பு டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதைப் போலிருந்தது. மகளிடம் கொடுத்தேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்மா" என்றாள். எனக்கும் பத்து வயதில் எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அன்று சாயங்காலம் ஒன்று செய்தேன். அவளுடைய முழங்காலில் முந்தின நாள் பட்டிருந்த அடியைப் பற்றி விசாரித்தேன். ஆச்சரியமாகப் பார்த்தாள்.

என் அப்பாவுக்குத் தாள் எதுவும் யாரும் கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது இயந்திரங்கள். எதையும் ஓட்டிப் பார்த்துத்தான் சரி செய்வார். அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வாரம் முதல் சாயங்காலங்களில் கம்பெனியிலிருந்து அவரே குரலை மாற்றிக்கொண்டு எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். ஒரு நாள் கேஸ் கம்பெனிக்காரர், ஒரு நாள் கெலமங்கலத்துச் சொந்தக்காரர், ஒரு நாள் கன்னடத்தில் ஒரு டாக்டர். பேர் சொல்லக் கூடாது, வீட்டில் யாருமில்லை என்று சொல்லக் கூடாது, 'நீங்க யாரு, நம்பர் சொல்லுங்க, அப்பா கூப்பிடுவாரு' என்று மட்டும் சொல்ல வேண்டும். எல்லாக் குரலிலும் பின்னால் அதே பாய்லர் இரைந்துகொண்டிருக்கும். அது அப்பாதான் என்று எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அப்பா கம்பெனியிலிருந்து கிளம்பிய பிறகு பாய்லர் நிஜமாகவே நின்று, அப்பாவின் மேலதிகாரி பதற்றத்தோடு கூப்பிட்டார். "அப்பா, உங்க குரல் எனக்குத் தெரியும், நான் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டேன். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை சைக்கிளில் ஆள் வந்தது. அப்பா வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

பொங்கலுக்கு முன்பு ஒரு காலை எழுந்தபோது சித்தியின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. துணிப்பையைக் காணோம். சித்தி எங்கே என்று கேட்டேன். டிரெயினிங் போயிருக்கிறாள் என்றாள் அம்மா. எந்த ஊரில்? தூரத்தில். எப்போது வருவாள்? தெரியாது. அப்பாவிடம் கேட்டேன். அவரும் தூரத்தில் என்றார். அந்தக் கன்னடக்கார அம்மாளைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்துக் கேட்டேன். "நனகே கொத்தில்லா புட்டா" என்று கன்னத்தைத் தட்டினார். தனக்குத் தெரியாது என்றார். ஆனால் தெரியாதவர்கள் அப்படிக் கண்ணைத் திருப்பிக்கொள்வதில்லை. இதுவரை யாராவது கேட்டால் தெரியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது ஊரே என்னிடம் அப்படிச் சொல்ல ஆரம்பித்திருந்தது. நான்தான் ஒன்றும் சொல்லவில்லை என்று சித்தியே சொல்லிவிட்டாளே, பிறகு எனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று பல நாட்கள் யோசித்தேன்.

சித்தி கோயம்புத்தூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியில் இருந்தாள் என்பதை அம்மா எனக்குச் சொன்னது நான் பத்தாவது முடித்த பிறகுதான். அந்த ஊர்ப் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் பாரத்தை ஒரு குழந்தையின் மேல் வைக்க வேண்டாம் என்று சொன்னது சித்திதானாம். இனி யார் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கக் கூடாது என்றாளாம்.

ஆனால் ஐந்தாம் வகுப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். மாசி மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிவாக்கில் ஒரு போன் வரும். அம்மா ஓடிப்போய் எடுப்பாள். உறையை மடிக்கக்கூட மாட்டாள், அப்படியே கீழே போட்டுவிடுவாள். 'ம்', 'சரி', 'சாப்பிட்டியா' என்று பேசுவாள். யாரம்மா என்று கேட்டால், ராங் நம்பர் என்பாள். ராங் நம்பரோடு அம்மா பத்து நிமிடம் பேசுவாள். ராங் நம்பருக்காகச் சில சமயம் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நான் முன்பின் தெரியாதவரோடு பேசியதற்கு அத்தனை அமர்க்களம் நடந்த வீட்டில், அம்மாவை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, பேசிக்கொண்டே இருந்தவள் ரிசீவரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்து, தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவந்து பாடம் படிக்கச் சொன்னாள்.

"இங்கியா?"

"இங்கதான். சத்தமாப் படி."

ரிசீவரை என் வாய்க்கு அருகில் நீட்டிக்கொண்டாள். லைனில் ஒரு சத்தமும் இல்லை. யாரோ மூச்சுவிடுவது மட்டும் மெல்லக் கேட்டது. லீவு நாளில், ஒரு ராங் நம்பருக்கு, எதற்காகப் பாடம் படிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை. அம்மா ரிசீவரை இறக்குவதாக இல்லை என்பதால் படித்தேன். ஒரு பக்கம் முடித்து நிறுத்தினேன். அம்மா ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு மறுபடியும் என் பக்கம் நீட்டி, "இன்னொரு பக்கம் படிக்கணுமாம்" என்றாள்.